முதல் குர்பானி: துல்ஹஜ் பிறையிலிருந்து கடைசிப் பங்கு வரை

ஹஜ்ஜுப் பெருநாளில் அல்லாஹ்வுக்காகப் பிராணியை அறுத்து இறைச்சியைப் பங்கிடும் வணக்கம் குர்பானி. முதன்முறையாகத் தன் பெயரில் அதைக் கொடுக்கப்போகிறவர்கள் எந்த ஆடு, எத்தனை கிலோ, என்ன விலை என்பதிலேயே எல்லா யோசனையையும் செலவழித்துவிடுகிறார்கள். அறுத்த பிறகு யார் வெட்டுவது, யார் எடைபோடுவது, எந்த வீட்டுக்கு யார் எடுத்துப்போவது, கழிவை எங்கே புதைப்பது என்பதெல்லாம் பெருநாள் காலையில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் நேரம் ஓடிவிடும். ஏழைகளுக்குப் போகவேண்டிய பங்கு சாயங்காலம் வரை பாத்திரத்திலேயே கிடக்கும். ஆகவே திட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பங்கு எத்தனை மணிக்குள் உரியவர் கைக்குப் போகவேண்டும் என்று முதலில் முடிவு செய்தால் வெட்டுவது, அறுப்பது, தொழுகைக்குக் கிளம்புவது, ஆடு வாங்குவது எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள், புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள், இதுவரை வாப்பா பார்த்துக்கொண்டதை இந்த வருடம் தாமே செய்யவேண்டி வந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சில சட்டங்களில் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரண்டு மத்ஹபுகளுக்கு (மார்க்கச் சட்ட வழிகளுக்கு) இடையே வேறுபாடு உண்டு. முக்கியமான இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள், அதுவும் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். பெருநாள் காலையில் அவருக்கு நிற்க நேரம் இருக்காது.

பெருநாளின் அடிப்படை

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மகனை அறுப்பதாகக் கனவு கண்டதும், அதை மகனிடமே சொல்லிக் கேட்டதும், "தந்தையே, உங்களுக்கு ஏவப்பட்டதைச் செய்யுங்கள்" என்று மகன் பதில் சொன்னதும், மகனுக்குப் பகரமாக அல்லாஹ் ஒரு பலிப்பிராணியைக் கொடுத்ததும் திருக்குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. ஹஜ் செய்யப்போன ஹாஜிகள் மக்காவை ஒட்டிய மினாவில் இருக்கும் அதே நாட்களில், உலகின் மற்ற இடங்களில் உள்ளவர்கள் தத்தம் ஊரில் குர்பானி கொடுக்கிறார்கள். அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடையும் என்று 22:37 வசனம் சொல்கிறது. ஆட்டின் விலையைப் பற்றி நாலு பேர் பேசவேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கும்போது இந்த வசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் கொடுக்கவேண்டும்

ஷாஃபிஈ மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட ஸுன்னத் (நபிவழி). வசதியுள்ள வீட்டில் ஒருவர் கொடுத்தால் அந்த வீட்டார் எல்லாருக்கும் ஸுன்னத் நிறைவேறிவிடும். ஹனஃபி மத்ஹபில், அடிப்படைத் தேவைகள் போக நிஸாப் அளவு, அதாவது கடமை வருவதற்கான குறைந்தபட்ச அளவு, சொத்து வைத்திருக்கும் ஒவ்வொருவர் மீதும் அது தனித்தனியாக வாஜிப் (கட்டாயம்). வெள்ளியில் கணக்கிட்டால் நிஸாப் ஏறத்தாழ 612 கிராம். ஹனஃபி குடும்பங்களில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று இங்கே உண்டு. மனைவிக்குச் சொந்தமான நகையின் மதிப்பு இந்த அளவு வெள்ளியின் மதிப்பைத் தாண்டினால் கடமை அவர் மீதும் தனியாக வருகிறது. கணவர் பெயரில் கொடுத்ததோடு அது முடிந்துவிடாது.

கடன் வாங்கிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வசதி இல்லாதவர் மீது குர்பானி கடமை இல்லை. கடனாளி கடனை அடைப்பதை முன்னால் வைக்கட்டும். பக்கத்து வீட்டில் இரண்டு கிடா நிற்கிறதே என்பதற்காக வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதை நான் பலமாக எதிர்க்கிறேன். வணக்கத்துக்கு ஹராமான (விலக்கப்பட்ட) பணத்தைக் கொண்டுவரக் கூடாது.

பிறை தெரிந்த நாள் முதல்

துல்ஹஜ் மாதத்தின் முதல் பத்து நாட்களில் செய்யும் நல்ல அமல்களைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவை வேறு நாட்களில் இல்லை என்ற கருத்தில் நபிமொழி உண்டு. தக்பீர் (அல்லாஹ் மிகப் பெரியவன் என்று சொல்வது), திக்ர் (இறைநினைவு), தர்மம், முடிந்தால் நோன்பு என்று இந்த நாட்களை நிரப்பலாம்.

குர்பானி கொடுக்க நிய்யத் (மனத்தில் உறுதி) வைத்தவர் பிறை தெரிந்ததிலிருந்து தன் குர்பானி அறுக்கப்படும் வரை முடியும் நகமும் வெட்டாமல் இருப்பது ஸுன்னத். ஆகவே முந்தின மாதமான துல்கஃதாவின் 29ஆம் நாளே நகம் வெட்டி, முடி திருத்திக்கொள்ளுங்கள். மறந்து இடையில் வெட்டிவிட்டால் குர்பானி கெட்டுப்போகாது, பரிகாரமும் இல்லை. இது குர்பானி கொடுப்பவருக்கு உரியது, அவருக்காக அறுத்துத் தருபவருக்கு அல்ல.

பிறை 9, அதாவது துல்ஹஜ் மாதத்தின் ஒன்பதாம் நாள், அரஃபா நாள். மறுநாள் பிறை 10 பெருநாள். ஹஜ்ஜில் இல்லாதவர்கள் அன்று நோன்பு வைப்பது சென்ற ஒரு வருடத்தின், வரும் ஒரு வருடத்தின் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெருநாள் வேலை தலைக்கு மேல் இருக்கும் நாள் அது என்பது உண்மைதான். அதனால்தான் சாமான் வாங்குவதையும் வீடு துடைப்பதையும் பிறை 8க்குள் முடித்துவிடச் சொல்கிறேன். நோன்பு வைத்துக்கொண்டு கடைத்தெருவில் அலைந்தால் துஆவுக்கான (பிரார்த்தனைக்கான) அந்த அருமையான பிற்பகல் கைவிட்டுப் போய்விடும்.

அன்றைய ஃபஜ்ரிலிருந்து (அதிகாலைத் தொழுகை) பிறை 13 அஸர் (பிற்பகல் தொழுகை) வரை ஒவ்வொரு ஃபர்ளு (கடமையான) தொழுகைக்குப் பின்னும் தக்பீர் சொல்லவேண்டும். மொத்தம் 23 தொழுகைகள். "அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர், லா இலாஹ இல்லல்லாஹு வல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர், வலில்லாஹில் ஹம்து" என்பது பரவலாகச் சொல்லப்படும் வாசகம். எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் பிள்ளைகளும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

பிராணியைத் தேர்ந்தெடுப்பது

குர்பானிக்குச் செல்லுபடியாவது ஆடு, மாடு, எருமை, ஒட்டகம் மட்டுமே. கோழியும் வாத்தும் ஆகாது. ஒரு ஆடு ஒரு பங்கு. மாட்டிலும் ஒட்டகத்திலும் ஏழு பேர் வரை சேரலாம்.

வயதுதான் முதல் தேர்வு. ஒட்டகத்துக்கு 5 வருடமும் மாட்டுக்கு 2 வருடமும் முடிந்திருக்கவேண்டும். வெள்ளாட்டுக்கு ஹனஃபியில் 1 வருடம், ஷாஃபிஈயில் 2 வருடம். செம்மறிக்கு ஷாஃபிஈயில் 1 வருடம். ஆறு மாதம் ஆகி, ஒரு வயதுச் செம்மறி போலவே வளர்ந்து தெரிந்தால் ஹனஃபியில் போதும். விற்பவர் சொல்லும் வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வாயைத் திறந்து பாருங்கள். ஆடு மாடுகளுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான் இருக்கும். நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து, பெரிதாக அகலமாக இரண்டு பற்கள் முளைத்திருந்தால் ஆடு ஒரு வயதைத் தாண்டிவிட்டது என்று பொதுவாகச் சொல்லலாம். மாட்டில் இது இரண்டு வயதை ஒட்டி நடக்கும். பார்த்துப் பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் குறைகள். வெளிப்படையான ஒற்றைக்கண், வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டி, எலும்பில் மஜ்ஜை இல்லாத அளவுக்கு மெலிவு என்ற நான்கையும் நபி (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். காது வெட்டுப்பட்டதும் வேண்டாம். இயற்கையிலேயே கொம்பில்லாதது, காயடித்தது இரண்டும் தாராளமாகக் கூடும். சினையாக இருக்கும் பெட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

நோயைக் கண்டுபிடிக்க ஆட்டைச் சும்மா நடக்கவிட்டுப் பாருங்கள். கூட்டத்தோடு சேர்ந்து நடக்கிறதா, தழை நீட்டினால் வாங்குகிறதா, அசை போடுகிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா, பின்னங்காலில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று நிதானமாகக் கவனியுங்கள். கண் தெளிவாக இருக்கவேண்டும். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அது தண்ணீரோ தீனியோ ஏற்றிக் காட்டும் எடையாக இருக்கலாம்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. உயிரெடையில் ஏறத்தாழ பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் எலும்போடு இறைச்சி கிடைக்கும். 30 கிலோ ஆடு என்றால் 13, 14 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு நாலரைக் கிலோ, அரைக்கிலோவாகப் போட்டால் ஒன்பது பொட்டலம். யார் யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்ற பட்டியலை இந்தக் கணக்கை வைத்து ஆடு வாங்கும்போதே எழுதிவிடலாம்.

கூட்டுக் குர்பானியில் சேருகிறீர்களா? மற்ற ஆறு பேரின் நோக்கமும் வணக்கமாக இருக்கவேண்டும். ஒருவர் வெறும் இறைச்சிக்காகச் சேர்ந்தாலும் ஹனஃபி மத்ஹபில் ஏழு பேருடையதும் செல்லாது. பச்சை இறைச்சியைக் கண் மதிப்பில் பிரிக்காமல் தராசில் நிறுத்துச் சமமாகப் பிரிக்கவேண்டும். "பரவாயில்லை, நமக்குள் என்ன கணக்கு" என்ற தாராளம் இந்த இடத்தில் உதவாது.

வீட்டில் அது இருக்கும் நாட்கள்

ஆடு இரண்டு மூன்று நாள் முன்பே வருவது நல்லது. பயண அலுப்பு தீரும், நோய் இருந்தால் வெளியே தெரியும், உங்கள் குரலுக்கும் பழகும். நிழல், காய்ந்த தரை, எப்போதும் எட்டும் தூரத்தில் தண்ணீர், படுத்து எழும்ப வசதியாக நீளமான கயிறு. தெருநாய் வரும் இடத்தில் இரவில் கட்டாதீர்கள்.

பெரிய ஆபத்து அன்பினால்தான் வரும். பிள்ளைகளும் விருந்தாளிகளும் மாறி மாறி அரிசி, சோறு, மாவு, தானியம் என்று ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். தழை தின்று பழகிய ஆட்டின் இரைப்பைக்குள் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால் அங்கே அமிலம் பெருகும். வயிறு உப்பி, தீனி மறுத்து, ஒரே நாளில் செத்தும் போகும். பெருநாளுக்கு முந்தின நாள் ஆடு செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தழை, புல், வைக்கோல் கொடுங்கள். முன்பிருந்த இடத்தில் அடர்தீவனம் கொடுத்துப் பழக்கியிருந்தால் அதே அளவைத் தொடருங்கள். கடைசி இரவு தீனியைக் குறைத்துவிட்டால் வயிறு இலேசாக இருக்கும், சுத்தம் செய்வது எளிது. தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். "விளையாட ஆடு வந்திருக்கிறது" என்று சொல்லி, பெருநாளன்று அதை அறுப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். இப்ராஹீம் நபியின் வரலாற்றைச் சொல்லுங்கள், இது அல்லாஹ்வுக்காகக் கொடுக்கப்போகும் ஆடு, அதுவரை இதை நன்றாகப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்று சொல்லுங்கள். தண்ணீர் வைக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். அழுதால் அழட்டும், கேலி செய்யவேண்டாம். அறுக்கும்போது பார்த்தே ஆகவேண்டும் என்று எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

ஆட்களும் கருவிகளும்

அறுத்து உரித்துத் தருபவரிடம் இரண்டு வாரம் முன்பே பேசி, நேரத்தையும் கூலியையும் முடிவு செய்துவிடுங்கள். கூலியைப் பணமாகவே கொடுக்கவேண்டும். குர்பானியின் இறைச்சி, தோல், தலை எதையும் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்பதில் தெளிவான நபிமொழி உண்டு. கூலியை முழுசாகக் கொடுத்த பிறகு, அவரும் ஏழை என்றோ நண்பர் என்றோ தனியாக ஒரு பங்கு கொடுப்பதில் தவறில்லை. பேச்சில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

எங்கே அறுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பல நாடுகளிலும் நகரங்களிலும் அனுமதி பெற்ற அறுப்புக்கூடத்தில் மட்டுமே அறுக்க முடியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு, சட்டம் அனுமதித்தாலும், ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) ஏற்பாடு செய்யும் பொது இடமே நல்லது. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு தராமல் இருப்பதும் மார்க்கம்தான்.

கையில் இருக்கவேண்டியவை: சாணை பிடித்த நீளக் கத்தி, உரிக்கச் சின்னக் கத்தி, வெட்டுக்கத்தி, மரக்கட்டை, சுத்தமான தார்ப்பாய் இரண்டு, அகலப் பாத்திரங்கள், வாளிகள், தராசு, பைகள், பெயர் எழுத மை பேனா, கல் உப்பு, மண்வெட்டி, சுண்ணாம்புத் தூள். கத்தியின் நீளம் பிராணியின் கழுத்து அகலத்தைவிட அதிகமாக இருக்கவேண்டும். முந்தின நாளே சாணை பிடித்து, துணியில் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.

பெருநாள் காலை

குளித்து, இருப்பதில் நல்ல உடை உடுத்தி, ஆண்கள் அத்தர் பூசி, வீட்டிலிருந்தே தக்பீர் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். நோன்புப் பெருநாளில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போவோம். இந்தப் பெருநாளில் சாப்பிடாமல் போய், தொழுதுவிட்டு வந்து சாப்பிடுவது ஸுன்னத். குர்பானி கொடுப்பவர் அந்த இறைச்சியிலிருந்தே தொடங்குவது சிறப்பு. சின்னப் பிள்ளைகள், முதியவர்கள், மருந்து சாப்பிடுபவர்களைப் பசியோடு வைக்கவேண்டாம்.

குர்பானிக்கு நேரம் கிடைக்கட்டும் என்று இந்தப் பெருநாள் தொழுகையைச் சீக்கிரமே தொழுவார்கள். நேரத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பாங்கும் இகாமத்தும் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) கிடையாது, இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). கூடுதல் தக்பீர்கள் ஷாஃபிஈயில் முதல் ரக்அத்தில் 7, இரண்டாவதில் 5. ஹனஃபியில் மும்மூன்று, இரண்டாவது ரக்அத்தில் ஓதி முடித்த பிறகு வரும். புதியவர்கள் எண்ணிக் குழம்பவேண்டியதில்லை, இமாமைப் பின்தொடர்ந்தால் போதும். தொழுகைக்குப் பின் குத்பா (இமாமின் உரை), அது முடியும் வரை உட்கார்ந்திருங்கள். கறிக்காரர் காத்திருக்கிறார் என்று பாதியில் எழுந்து ஓடவேண்டாம். அதற்குத்தான் நேரத்தை முன்பே பேசிவைக்கச் சொன்னேன்.

பெண்களும் இளம்பெண்களும் திடலுக்கு வரவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மாதவிடாயில் இருப்பவர்கள் தொழும் இடத்தைவிட்டு ஒதுங்கியிருந்து தக்பீரிலும் துஆவிலும் கலந்துகொள்ளலாம். போன வழியில் திரும்பாமல் வேறு வழியில் வருவதும் ஸுன்னத். இன்னும் இரண்டு தெருக்காரர்களுக்கு ஸலாம் சொல்லக் கிடைக்கும்.

அறுப்பு

தொழுகைக்கு முன் அறுத்தால் அது வெறும் இறைச்சிதான், குர்பானி ஆகாது. நேரம் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, ஹனஃபியில் பிறை 12 மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை, ஷாஃபிஈயில் பிறை 13 மஃரிப் வரை நீடிக்கிறது. முதல் நாள் சிறப்பு. ஆனாலும் ஊரில் எல்லாரும் முதல் நாளே கொடுத்தால், ஃப்ரிட்ஜ் இல்லாத ஏழை வீட்டில் ஒரே மத்தியானத்தில் பத்துப் பொட்டலம் குவியும், மூன்றாம் நாள் ஒன்றுமே இருக்காது. வீட்டில் இரண்டு குர்பானி என்றால் ஒன்றை இரண்டாம் நாளுக்கு வைப்பதை யோசியுங்கள்.

தெரிந்தவர் தானே அறுப்பது சிறந்தது. நபி (ஸல்) அவர்கள் கொம்புள்ள, கறுப்பு வெள்ளை கலந்த இரண்டு கடாக்களைத் தம் கையாலேயே அறுத்தார்கள். பெண் அறுத்தாலும் செல்லும். ஆனால் கை நடுங்குகிறவர், பழகாதவர் தயவுசெய்து கத்தியைத் தொடவேண்டாம். பழகியவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, நிய்யத்தோடு பக்கத்தில் நில்லுங்கள், அது போதும். உங்கள் ஆசைக்காக ஒரு உயிர் கூடுதலாக வலிப்படக் கூடாது. "அல்லாஹ் எல்லாவற்றிலும் அழகிய முறையை விதித்திருக்கிறான், அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு இலகுவாக்குங்கள்" என்ற கருத்துள்ள நபிமொழியை இந்த நாளின் சட்டமாகவே எடுத்துக்கொள்ளவேண்டும்.

முதலில் தண்ணீர் காட்டுங்கள். காலைப் பிடித்துத் தரதரவென்று இழுக்காமல் மெதுவாக நடத்திக் கூட்டிவாருங்கள். அதன் கண் முன் கத்தி தீட்டாதீர்கள், ஒன்றின் எதிரே இன்னொன்றை அறுக்காதீர்கள். இடப்பக்கமாக, கிப்லாவை (தொழும் திசையை) நோக்கிப் படுக்கவையுங்கள். பிடிக்க இரண்டு பேர் போதும். சுற்றி இருபது பேர் கைப்பேசியோடு நின்றால் ஆடு மிரளும், படமெடுப்பதை விட்டுவிடுங்கள். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லி, யார் பெயரில் என்பதை மனத்தில் கொண்டு, தயங்காமல் வேகமாக அறுக்கவேண்டும். மூச்சுக்குழல், உணவுக்குழல், இரண்டு பக்கமும் ஓடும் பெரிய இரத்தக்குழாய்கள் ஆகிய நான்கும் அறுபடவேண்டும். தண்டுவடம் வரை கத்தியை இறக்கவோ கழுத்தை முறிக்கவோ கூடாது.

இதற்குப் பிறகு காத்திருக்கவேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். துடிப்பு முழுவதும் அடங்கி, இரத்தம் வடிந்து, கண்ணின் கருவிழியைத் தொட்டாலும் அசைவில்லை என்று உறுதியான பிறகுதான் தோலில் கத்தி படலாம். அதற்கு முன் காலை வெட்டுவதும் உரிக்கத் தொடங்குவதும் கொடுமை.

இறைச்சியும் பங்கும்

தொங்கவிட்டு உரித்தால் மண் படாது. குடலும் பித்தப்பையும் கிழியாமல் எடுப்பதுதான் கைத்திறமை. எங்காவது சாணமோ பித்தமோ பட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பரப்பாமல் அந்த இடத்தைச் சீவி எறியுங்கள். ஈரலையும் நுரையீரலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகளோ தட்டைப் புழுக்களோ தெரிந்தால் அந்த உறுப்பை ஒதுக்கிவிடுங்கள்.

பங்கைப் பொறுத்தவரை வீட்டுக்கு ஒன்று, உறவினருக்கும் நண்பருக்கும் ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரிப்பது நல்ல முறை, கட்டாயம் அல்ல. வீட்டில் ஆள் குறைவு என்றால் பெரும்பகுதியை ஏழைகளுக்கே கொடுக்கலாம். ஷாஃபிஈயில் சிறிதளவாவது ஏழைக்குப் பச்சை இறைச்சியாகக் கொடுத்தே ஆகவேண்டும், சமைத்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. நேர்ச்சை செய்த குர்பானியாக இருந்தால் கொடுத்தவர் அதில் சாப்பிடக் கூடாது, முழுவதும் தர்மம். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதை ஹனஃபி அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். ஷாஃபிஈயில் பலரும் அனுமதிப்பதில்லை, இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குர்பானி அல்லாத இறைச்சியை வாங்கிச் சமைத்து அவர்களை விருந்துக்கு அழைக்க எந்தத் தடையும் இல்லை.

ஏழைகளின் பங்கை முதலில் கட்டி, முதலில் அனுப்புங்கள். எலும்பையும் கொழுப்பையும் அதில் தள்ளிவிட்டு, தொடைக்கறியை வீட்டுக்கு ஒதுக்குவது அழகல்ல. எல்லாப் பாகமும் கலந்து எல்லாப் பொட்டலத்திலும் விழட்டும். வாங்க வருகிறவர்களை வாசலில் வரிசையில் நிறுத்தாமல், பட்டியலை வைத்துப் பிள்ளைகளை அந்தந்த வீட்டுக்கே அனுப்புங்கள். கேட்டு வாங்கக் கூச்சப்படும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களின் வீட்டைத்தான் பட்டியலின் மேலே எழுதவேண்டும்.

தோலை விற்று அந்தப் பணத்தை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு வைக்கலாம், அல்லது தர்மமாகக் கொடுத்துவிடலாம். வாங்க வருகிறவர் தாமதமானால் உட்பக்கத்தில் கல் உப்பை நன்றாகத் தேய்த்து நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும்.

வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறைச்சி கிடக்கக் கூடாது, கடும் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். சூடு ஆறாத இறைச்சியைப் பெரிய பையில் திணித்து ஃப்ரீசரில் போட்டால் நடுப்பகுதி குளிராமல் கெடும். சின்னப் பைகளில் தட்டையாகப் பரப்பி முதலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கும், அப்போது சமைத்தாலும் உறையவைத்தாலும் ரப்பர் போல இருக்கும். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் மிருதுவாகிவிடும், பிறகு ஃப்ரீசருக்கு மாற்றலாம். ஈரலை அன்றே சமைத்துவிடுங்கள். சேமித்து வைப்பது பாவமோ என்று சிலர் தயங்குகிறார்கள். பஞ்சத்தில் ஏழைகள் வந்திருந்த ஒரு வருடம் மூன்று நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள், பிறகு சாப்பிடுங்கள், சேமியுங்கள், தர்மம் செய்யுங்கள் என்று அனுமதித்தார்கள். உங்களைச் சுற்றி இன்று பசி இருந்தால் அந்த முதல் வருடத்தை நினைத்து முடிவெடுங்கள்.

கழிவு

முந்தின நாளே மூன்றடி ஆழத்தில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் குழி தோண்டிவையுங்கள். இரத்தம், குடல் கழிவு, ஒதுக்கிய உறுப்புகளைப் போட்டு, சுண்ணாம்பு தூவி, மண்ணை நன்றாக மிதித்து மூடுங்கள். குழி தோண்ட இடமில்லாதவர்கள் பையில் இறுக்கிக் கட்டி, நகராட்சியோ ஜமாஅத்தோ சேகரிக்கும் இடத்தில் மட்டும் சேர்க்கவேண்டும். சாக்கடையில் இரத்தத்தை விட்டால் தெருவே நாறும்.

நாய்க்குப் போடுவதில் என்ன தவறு என்று கேட்பார்கள். ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் அந்த நீர்க்கட்டிகளுக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், நாயின் கழிவு வழியாக முட்டைகள் வெளியேறி மனிதருக்குள், முக்கியமாகப் பிள்ளைகளுக்குள் போய், ஈரலில் கட்டியாக வளரும். பல வருடம் கழித்து அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடும் நோய் அது. பச்சை உறுப்புகளை நாய்க்கு எட்டாமல் புதைப்பதோடு இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

நேரில் கொடுக்க முடியாதவர்கள்

வேறொரு ஊரிலோ நாட்டிலோ உங்களுக்குப் பதிலாக அறுக்க ஒருவரை வக்கீலாக (பிரதிநிதியாக) நியமிக்கலாம். பெயர், எத்தனை பங்கு, ஸுன்னத்தா நேர்ச்சையா என்பதை எழுத்தில் கொடுங்கள். அறுக்கும் ஊரில் தொழுகை முடிந்திருக்கவேண்டும் என்பதை உறுதி செய்யுங்கள். அறுத்துவிட்டதாகத் தகவல் வந்த பிறகு நகமும் முடியும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் முடிந்தவரை ஒரு குர்பானியாவது வீட்டார் பார்க்க நடக்கட்டும் என்பது என் கருத்து. பணம் அனுப்பியதோடு முடிந்துபோனால் பிள்ளைகளுக்கு இந்த வணக்கம் வெறும் ரசீதாகவே தெரியும்.

அடுத்த மூன்று நாட்கள்

பிறை 10 முதல் 13 வரை நோன்பு வைப்பது கூடாது. உண்ணவும் பருகவும் அல்லாஹ்வை நினைக்கவும் உரிய நாட்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன நாட்கள் இவை. "தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும்" (அல்லாஹ் எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் ஏற்றுக்கொள்வானாக) என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினர் வீட்டுக்கு ஒரு பங்கை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், வேறு யாரிடமும் கொடுத்தனுப்பவேண்டாம். இந்த வருடம் யாரையாவது இழந்த வீடு, தனியாக இருக்கும் முதியவர், குடும்பம் இல்லாமல் தனியே பெருநாள் கொண்டாடும் புதிய முஸ்லிம், இவர்களை இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். முதல் நாள் எல்லாருக்கும் ஏதாவது அழைப்பு இருக்கும், இரண்டாம் நாள்தான் தனிமை தெரியும். பட்டியலில் வீட்டில் இல்லாமல் விடுபட்டவர்களின் பொட்டலங்களைப் பெயர் எழுதித் தனியாக ஃப்ரிட்ஜில் வைத்து, பிறை 13க்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.